கொட்டகைக் கதவும் நான்கு வாக்கியங்களும்

தாலின், 6 அக்டோபர் 2002

அன்புள்ள ஹில்யாவுக்கு,

ஏழு முறை தொலைபேசியில் கூப்பிட்டுவிட்டேன். ஏழு முறையும் என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். அதனால்தான் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதற்காவது நீ உறையைப் பிரித்தாக வேண்டும் அல்லவா?

நடந்ததை எத்தனையோ தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். ஆகஸ்டில் மூன்று வாரம் உன் வீட்டில் இருந்தேன். வசந்தத்தில் கல்யாணம், எனக்குப் பணி ஓய்வு கிடைத்ததும் உன் ஹீயுமா தீவுக்கே வந்துவிடுவது என்று பேசி முடித்திருந்தோம். ஐம்பத்து நான்கு வயதில் எனக்கு இப்படி ஒரு அதிர்ஷ்டமா என்று படகுத்துறையில் நின்று தனியாகச் சிரித்துக்கொண்டவன் நான். கடைசி நாள் நீ கடைக்குப் போயிருந்தாய். உனக்கு ஒரு வேலை மிச்சமாகட்டும் என்று வலைக் கொட்டகையின் கதவைச் சுரண்டித் தார் பூசி வைத்தேன். நீ வந்தாய், கதவைப் பார்த்தாய், பையைக் கீழே வைத்தாய். "மூணரைக்கு ஒரு கப்பல் இருக்கு" என்றாய். அதற்குப் பிறகு உன் குரலையே நான் கேட்கவில்லை.

கதவில் ஏதோ கோடுகள் இருந்தது உண்மை. யாரோ கத்தி தீட்டிப் பார்த்த கீறல் என்று நினைத்துவிட்டேன். அது உன் மறைந்த கணவர் எந்தெலின் குறி என்று கப்பல்துறையில் பக்கத்து வீட்டுக் கூஸ்தி சொல்லித்தான் தெரிந்தது. தெரியாமல் செய்த பிழை, ஹில்யா. மன்னித்துவிடு.

இங்கே எங்கள் சட்டக் குழுவில் வேலை கழுத்தை நெரிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர வேண்டுமானால் நம் அரசியல் சாசனத்தில் எதை வெட்டுவது, எதை ஒட்டுவது என்று நாள் முழுக்க வாதம். முதல் பிரிவிலேயே எஸ்தோனியாவின் சுதந்திரம் காலத்தால் அழியாதது, யாருக்கும் கைமாற்ற முடியாதது என்று இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு எப்படிச் சேருவது என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறோம். சாயங்காலம் அறைக்கு வந்து கறுப்பு ரொட்டியும் உப்பில் ஊறிய கிலு மீனும் தின்றுவிட்டு உன்னை நினைத்துக்கொள்கிறேன்.

உன்
ரைவோ

•

ஹீயுமா, வடகரை
1 நவம்பர் 2002

ரைவோ அவர்களுக்கு,

பிரித்தேன். கிழிக்கவில்லை. தொலைபேசியை ஏன் வைக்கிறேன் என்றால், நான் ஒரு வார்த்தை முடிப்பதற்குள் நீங்கள் மூன்று பதில் தயாராக வைத்திருப்பீர்கள். வக்கீல் புத்தி. காகிதத்தில் குறுக்கே பேச முடியாது.

கீறல் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் கரையில் வீட்டுக்கு ஒரு குறி உண்டு. துடுப்பு, வலை மிதவை, வாளி, கதவு எல்லாவற்றிலும் அதை வெட்டி வைப்போம். எந்தெல் வீட்டுக் குறி சாய்ந்த கோடு இரண்டு, குறுக்கே ஒன்று. மகன் தனிக்குடித்தனம் போகும்போது அப்பாவின் குறியை அப்படியே வெட்டி, பக்கத்தில் தனக்கென்று ஒரு கோடு சேர்ப்பான். பழைய குறியில் கை வைக்க மாட்டான், அதன் மேல் தன் கோடு படவும் விடமாட்டான். ஒரு குறியைச் சுரண்டுகிறவர்கள் இரண்டே பேர். ஒருவன் வலை திருடுகிறவன். இன்னொருவன், ஆள் அற்றுப்போன வீட்டை விலைக்கு வாங்குகிறவன்.

நீங்கள் கப்பல் ஏறிய மறுநாள் காலை கூஸ்தி தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். சாவு வீட்டுக்கு வருகிற மாதிரி.

"வீட்ட வித்துட்டியா ஹில்யா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல" என்றார்.

அதற்கடுத்த நாள் படகு என்ன விலை என்று கேட்டு ஒருவன் வந்தான். இந்த ஊரில் என் வீடு செத்துப்போனதாக நீங்கள் எழுதி ஒட்டிவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். சோவியத் காலம் முழுக்க அந்தக் கதவில் எல்லைக் காவல்படை பூசிய 114 என்ற வெள்ளை எண் இருந்தது. எங்கள் கடலுக்குப் போக அவர்களிடம் சீட்டு வாங்க வேண்டும். யாரும் கள்ளத்தனமாகப் படகு ஏறிவிடக் கூடாது என்று கரை மணலைக்கூடச் சீவிச் சமன் செய்து வைத்துக் கால்தடம் பார்ப்பார்கள். 1992 ஜூனில், சாசனத்துக்கு வாக்களித்துவிட்டு வந்த அதே நாள், எந்தெல் அந்த எண்ணின் மேலேயே தன் குறியை ஆழமாக வெட்டினார். நான்கு வருஷம் கழித்துக் கடல் அவரைக் கொண்டுபோயிற்று. உடல் கிடைக்கவில்லை. கல்லறை இல்லாதவளுக்கு அந்தக் கதவுதான் இருந்தது.

கல்யாணப் பேச்சு இனி வேண்டாம்.

ஹில்யா

•

தாலின், 19 டிசம்பர் 2002

அன்புள்ள ஹில்யாவுக்கு,

உன் கடிதத்தை ஏழு வாரமாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். மடிப்பில் கிழிய ஆரம்பித்துவிட்டது. மன்னிப்பு என்று மறுபடி எழுதக் கூசுகிறது. வேறு ஒரு சேதி சொல்கிறேன்.

எங்கள் குழுவில் ஒரு பட்டியல் இருந்தது. ஒன்றியத்தில் சேர்ந்தால் சாசனத்தில் முட்டக்கூடிய இடங்கள் எல்லாம் அதில். பணம் அச்சிடுவது, வெளிநாட்டவர் உள்ளூர்த் தேர்தலில் வாக்களிப்பது, சட்டம் செய்யும் அதிகாரம் என்று பக்கம் பக்கமாக நீண்டது. ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு மாதிரி செய்திருக்கிறது. சிலர் ஒரே ஒரு பிரிவைச் செருகினார்கள், சிலர் வரிவரியாகத் திருத்தினார்கள். எங்களிலும் சிலர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை என்று அங்கே பெயர். (சிரிக்காதே.) அன்று மட்டும் கை தூக்கினேன். பழைய எழுத்தில் ஒன்றையும் தொட வேண்டாம், பக்கத்தில் தனியாக ஒரு சட்டம் வைப்போம், இரண்டையும் சேர்த்து வாசிக்கட்டும் என்றேன். அந்த யோசனை என்னுடையது இல்லை, முன்பே பலர் சொல்லிக்கொண்டிருந்ததுதான். அதுவரை நான் மறுபக்கத்தில் இருந்தேன். ஏன் மாறினாய் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு மீனவப் பெண்ணின் கொட்டகைக் கதவு என்று சொல்லியிருக்க வேண்டும்.

நேற்று நாடாளுமன்றம் முடிவு செய்துவிட்டது. செப்டம்பரில் பொது வாக்கெடுப்பு. அந்தச் சட்டத்தில் மொத்தம் நான்கு பிரிவுகள், ஒவ்வொன்றும் ஒரு வாக்கியம்தான். சாசனத்தின் அடிப்படைக் கொள்கைகளுக்கு உட்பட்டு எஸ்தோனியா ஒன்றியத்தில் இருக்கலாம் என்பது ஒன்று. சேர்ந்த பிறகு, சேரும் ஒப்பந்தத்தின் உரிமைகளையும் கடமைகளையும் கணக்கில் கொண்டே சாசனம் நடைமுறையாகும் என்பது இரண்டு. மக்களைக் கேட்காமல் இதை மாற்ற முடியாது, இன்ன தேதியில் அமலாகும் என்பவை மற்ற இரண்டு. அவ்வளவுதான், ஹில்யா. அரைப் பக்கம்கூட வராது. நீயும் எந்தெலும் வாக்களித்த அந்தப் புத்தகத்தில் ஓர் எழுத்துகூட அசையவில்லை.

முழுவதையும் தட்டச்சில் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை சின்ன காகிதத்தில் ஒரு தேசம் வாசலைத் திறக்கிறது.

ரைவோ

•

ஹீயுமா, 23 பிப்ரவரி 2003

ரைவோ அவர்களுக்கு,

கடல் உறைந்துவிட்டது. தபால் பனிச்சாலை வழியாகக் காரில் வருகிறது, கப்பலைவிடச் சீக்கிரம்.

நான்கு வாக்கியத்தையும் கூஸ்திக்கு வாசித்துக் காட்டினேன். வாக்குச்சாவடிக் குழுவில் இந்த முறையும் நான் தலைவி, அவர் உறுப்பினர். நாலைந்து தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "ரெண்டாவது வாக்கியம்தான் ஆளு. மத்ததெல்லாம் அதுக்குச் சட்ட போட்டு விட்டிருக்கு" என்றார். பள்ளிக்கூடம் ஆறு வருஷம் போனவர்.

எனக்கும் அதேதான் தோன்றுகிறது. எழுத்து அசையவில்லை என்று பெருமைப்படுகிறீர்கள். சரி. ஆனால் எல்லாவற்றையும் இனி இன்னொரு காகிதத்தைப் பக்கத்தில் வைத்துத்தான் வாசிக்க வேண்டும் என்றால், எது அசையாமல் இருக்கிறது? சுரண்டாமலே சுரண்டுகிற வித்தை இது என்றால்?

இன்னொரு கேள்வி. முன்னால் ஓர் ஒன்றியத்தில் இருந்தோமே, அதன் சாசனத்திலும் எந்தக் குடியரசும் விரும்பினால் பிரிந்து போகலாம் என்று அழகாக எழுதியிருந்தது. எந்தெல் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். உங்கள் புது ஒன்றியத்தில் வெளியே வர வழி எழுதியிருக்கிறதா?

பதில் சுருக்கமாக இருக்கட்டும்.

ஹில்யா

•

தாலின், 3 மார்ச் 2003

ஹில்யாவுக்கு,

சுருக்கமாக: எழுதவில்லை. ஒப்பந்தத்தில் எங்கு தேடினாலும் வெளியே போகும் வழி கிடையாது. மூன்று நாள் தேடிவிட்டுத்தான் சொல்கிறேன்.

அங்கே எழுதியிருந்தது, போக முடியவில்லை. இங்கே எழுதவில்லை, போக முடியும் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்ற சொல்லை ஒரு வக்கீல் எழுதுவது வெட்கம்தான். ஒரு வித்தியாசம் மட்டும் நிச்சயமாகத் தெரியும். முந்தைய ஒன்றியம் வந்தபோது யாரும் உன்னிடம் வாக்குப்பெட்டியைக் கொடுத்துக் கேட்கவில்லை. இந்தமுறை பெட்டியின் சாவி உன் கையில் இருக்கிறது.

உன் முதல் கேள்விக்கு வருகிறேன். எது அசையாமல் இருக்கிறது என்று எனக்கும் தெரியவில்லை.

வசந்தம் வருகிறது. நாம் பேசி வைத்த வசந்தம்.

ரைவோ

•

ஹீயுமா, 15 செப்டம்பர் 2003

ரைவோ அவர்களுக்கு,

வாக்கெடுப்பு நேற்று ஒழுங்காக முடிந்தது. நாட்டில் மூன்றில் இரண்டு பேர் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். வானொலியில் உங்களுக்கும் தெரிந்திருக்கும். வாழ்த்துகள்.

நான் வேண்டாம் என்றுதான் போட்டேன். ஒளிக்கவில்லை. சேருவதா, அந்தச் சட்டத்தை ஏற்பதா என்று இரண்டு கேள்வியை ஒரே சீட்டில் கேட்டு ஒரே பதில் சொல்லச் சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஆனால் மதியம் ஒன்று நடந்தது. படுக்கையில் இருக்கிறவர்களுக்காகச் சின்னப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் கூஸ்தியும் வீடு வீடாகப் போனோம். கடைசி வீட்டில் ஒருவர், பக்கவாதம் வந்து பேச்சு போனவர், சீட்டை வாங்கி அரைமணி நேரம் வைத்திருந்தார். நாங்கள் வெளியே காத்திருந்தோம். உள்ளே போனபோது சீட்டு மடித்திருந்தது, அவர் கன்னம் நனைந்திருந்தது. எந்தப் பக்கம் போட்டார் என்று தெரியாது. சைபீரியாவுக்கு நாடு கடத்தப்பட்டுத் திரும்பி வந்த மனிதர். தன்னை இப்படி ஒருவர் வந்து கேட்பார் என்று அவர் நினைத்திருக்க மாட்டார். காரில் வரும்போது வழி முழுக்கப் பெட்டியை என் மடியை விட்டு இறக்கவில்லை.

ஒன்று கேட்டுவிட்டு முடித்துக்கொள்கிறேன். நாட்டின் எழுத்தைத் தொடக் கூடாது என்று கை தூக்கினீர்கள். குழுவின் முன்னால் அந்த மரியாதை தெரிந்த மனிதருக்கு, ஒரு பெண்ணின் கதவில் ஏன் தெரியவில்லை? நாட்டுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?

நல்ல பதில் ஒன்று கிடைக்கும்வரை எழுத வேண்டாம்.

ஹில்யா

•

தாலின், 14 மே 2006

ஹில்யா,

இரண்டு வருஷம் எட்டு மாதம் ஆயிற்று. பதில் அன்றைக்கே இருந்தது. அதை எழுதத் துணிச்சல் இல்லை.

முதலில் என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். நம் பணமான க்ரோனை விட்டுவிட்டு யூரோவுக்கு மாற வேண்டும் என்றால் சாசனம் இடம் கொடுக்குமா என்று நாடாளுமன்றம் உச்ச நீதிமன்றத்தைக் கேட்டிருந்தது. சாசனத்தில் தெளிவாக இருக்கிறது, எஸ்தோனியப் பணத்தை வெளியிடும் உரிமை எஸ்தோனிய வங்கிக்கு மட்டுமே என்று. மூன்று நாளைக்கு முன் நீதிமன்றம் கருத்துச் சொன்னது. அந்த நான்கு வாக்கியத்தையும் சாசனத்தையும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும். ஒன்றியத்தின் சட்டத்தோடு ஒத்துப்போகாத இடத்தில், சாசனத்தின் அந்தப் பகுதி நடைமுறைக்கு வராது. எதையும் திருத்தத் தேவையில்லை.

நீதிமன்றம் இருக்கிற தார்த்துவிலிருந்து ரயிலில் வரும்போது பையிலிருந்த சாசனப் புத்தகத்தை எடுத்தேன். அந்த வங்கி வாக்கியம் அங்கேயே இருக்கிறது. விரலை வைத்துப் பார்த்தேன். அதே மை, அதே முற்றுப்புள்ளி. ஆனால் அது இப்போது பேசாது. இன்னும் எந்தெந்த வாக்கியங்கள் பேச்சை நிறுத்திவிட்டன என்று தெரியவில்லை. பக்கம் பக்கமாகப் புரட்டினேன். எல்லாம் எப்போதும்போல் இருந்தன. எனக்கு உடம்பு சிலிர்த்தது, ஹில்யா. விருந்தாளிக்கு ஒரு நாற்காலி போட்டதாக நினைத்தோம். அவர் உட்கார்ந்ததும் வீட்டில் எல்லாரும் வேறு மாதிரி பேசுகிறார்கள், ஒருவரும் இடம் மாறவில்லை. அரைப் பக்கக் காகிதத்துக்கு இத்தனை பலமா? நாங்கள் செய்தது பெரிய காரியமா, பெரிய தப்பா? எதிரே உட்கார்ந்திருந்த அம்மா, "உடம்பு சரியில்லையா, தண்ணி வேணுமா" என்று கேட்டார்.

அப்போதுதான் உன் கேள்விக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

கீறல் என்று நான் நினைக்கவில்லை. அது எந்தெலின் குறி என்று எனக்குத் தெரியும். துடுப்பிலும் வாளியிலும் மூன்று வாரமாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூஸ்தி கப்பல்துறையில் ஒன்றும் சொல்லவில்லை, அதுவும் நான் கட்டிய கதை. நீ ஒவ்வொரு காலையும் கொட்டகைக்குப் போகும்போது உள்ளங்கையை அதன் மேல் ஒரு கணம் வைப்பாய். என்னிடம் காலை வணக்கம் சொல்வதற்கு முன்னால். கதவைச் சுரண்ட ஆரம்பித்தபோது அந்த இடத்தை விட்டுவிட்டுத்தான் சுரண்டினேன். கடைசியில் அது மட்டும் மிச்சம் இருந்தது. சுரண்டுகிற தகடு, அந்தச் சுரண்டி, இன்னும் கையிலேயே இருந்தது. செத்தவரிடம் பொறாமைப்பட்டேன்.

குழுவில் கை தூக்கியதும் அதனால்தான். ஒன்றை அழித்தால் என்ன ஆகும் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. உனக்கு உண்மை சேர வேண்டும்.

ரைவோ

•

ஹீயுமா, 5 ஜூன் 2006

ரைவோவுக்கு,

தெரியும். அன்றைக்கே தெரியும். மற்ற இடமெல்லாம் மேலாகச் சுரண்டியிருந்தது, அந்த இடத்தில் மட்டும் பலகை குழிந்திருந்தது. கத்திக் கீறலுக்கு யாரும் அவ்வளவு பலத்தைச் செலவழிப்பதில்லை. நீ எப்போது சொல்வாய் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு காலம் எடுப்பாய் என்று நினைக்கவில்லை. வக்கீலுக்கு உண்மை சொல்வது கஷ்டம்தான்.

உன் கடிதத்தின் முதல் பாதியைக் கூஸ்திக்கு வாசித்தேன். (இரண்டாவது பாதியை வாசிக்கவில்லை, பயப்படாதே.) பேசாமல் போன வாக்கியத்தைப் பற்றி நீ எழுதியிருந்ததைக் கேட்டுவிட்டுக் கரையில் கிடந்த படகைக் கை காட்டினார்.

"இதுக்கு எதுக்கு அந்தாளு பயப்படுறான்? குளிர் காலத்துல படகக் கவுத்துப் போடுறோம். ஒடச்சா போடுறோம்? அந்த வாக்கியமும் கவுந்து கெடக்குது. என்னிக்காவது நாடு ஒன்றியத்த விட்டு வெளிய வந்துச்சுன்னா, யாரும் ஒண்ணும் புதுசா எழுத வேணாம். நிமித்துனா போதும்."

ரைவோ, சுரண்டாமல் சுரண்டுகிற வித்தை என்று உன்னைத் திட்டியவள் நான். அது அழிக்காமல் காத்து வைக்கிற வித்தையும்தான் என்று எனக்கு அதுவரை தோன்றவில்லை. வீட்டுக்குள் போய் 1992-இல் வாங்கிய புத்தகத்தை எடுத்தேன். போன வருஷம் நூலகத்தில் கொடுத்த புதுப் பதிப்பையும் எடுத்தேன். முதல் பிரிவையும் வங்கி வாக்கியத்தையும் இரண்டிலும் சத்தமாகப் படித்தேன். ஒரு சொல் மாறவில்லை. இத்தனை பெரிய ஒன்றியத்துக்குள் போயும், நாங்கள் அன்று போட்ட வாக்கு அங்கே முழுசாக இருக்கிறது. சில வாக்கியம் விழித்திருக்கிறது, சில வாக்கியம் தூங்குகிறது. கோயிலுக்குப் போகாதவள் நான், ஆனாலும் புத்தகத்தை மூடும்போது கும்பிடத் தோன்றியது. இப்போதும் கேட்டால் வேண்டாம் என்றுதான் போடுவேன், அது வேறு.

எந்தெலும் எனக்குள் அப்படித்தான் இருக்கிறார் என்று உனக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் அன்றைக்குக் கப்பல் நேரத்தைச் சொன்னேன். அவரை அழித்தால்தான் நீ வர முடியும் என்று நினைத்தாய். உன்னைச் சேர்த்து வாசிக்க எனக்குத் தெரியும் என்று நீ நம்பவில்லை. நானும் சொல்லவில்லை. அது என் தப்பு.

இப்போது கதவு விஷயம். சுரண்டிய குழியில் குறியை மறுபடி வெட்டப் பார்த்தேன், கத்தி வழுக்கியது. அதை அப்படியே விட்டுவிட்டேன். அது உன் வேலை, அதுவும் இருக்கட்டும். கதவுக்கு மேலே நிலைச்சட்டத்தில், ஏணியைக் கூஸ்தி பிடித்துக்கொள்ள, எந்தெலின் குறியை நானே வெட்டினேன். சாய்ந்த கோடு இரண்டு, குறுக்கே ஒன்று. கொஞ்சம் கோணல்தான். ஊரில் இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டுத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். வீடு உயிரோடு இருக்கிறதா என்று இனி யாரும் கேட்க வர மாட்டார்கள்.

குறிக்கு வலது பக்கம் இரண்டு விரல் அகலம் இடம் விட்டிருக்கிறேன். இடம் எதுக்கு என்று கூஸ்தி கேட்டார். "மழக்காலத்துல மரம் ஊதும்" என்றேன். அவர் நம்பவில்லை.

23-ஆம் தேதி ராத்திரி மூட்டுகிற நடுக்கோடை யான் திருநாள் நெருப்புக்கு விறகு சேர்த்தாகிவிட்டது. காலை ஒன்பது மணிக் கப்பலில் வா. நான் விட்ட இடத்தில் உனக்கென்று ஒரு கோடு நீதான் வெட்ட வேண்டும். பழைய குறியின் மேல் படக் கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை. கத்தி இங்கே தீட்டி வைத்திருக்கிறது.

சுரண்டியைக் கொண்டு வராதே.

ஹில்யா